வேலை வாய்ப்புச் சந்தைக்கு எதைக் கொண்டு போவது?



நமது சங்கத்தில் வேலை வாய்ப்புச் சந்தை ஒன்று நடத்த வேண்டுமென்று சில மாதங்களாகப் பேச்சு நடந்து வருவதை அங்கத்தினர் யாவரும் அறிவர். மண்டபத்தைப் பற்றிப் பேசியாகிவிட்டது. மேசை நாற்காலி வாடகையைப் பற்றிப் பேசியாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் இரண்டு கூட்டம் பேசியாகிவிட்டது. ஆனால் அங்கே வந்து உட்காருகிற முதலாளி எதைக் கொண்டு வர வேண்டும், வேலை தேடி வருகிறவர் எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் காணோம். ஆகவே இவ்விதழின் பாடமாக அதையே எடுத்துக்கொண்டோம். மதரஸாப் படிப்பும் ஆரம்பப் பள்ளிப் படிப்பும் தவிர நமக்கு வேறு படிப்பு இல்லை. பினாங்குப் பட்டணத்தில் பலசரக்குக் கடை வைத்துக் காலம் தள்ளுகிறோம். ஆயினும் சந்தை என்றால் இன்னதென்று நமக்குக் கொஞ்சம் தெரியும். விலை சொல்லாத சரக்கைச் சந்தையில் ஒருவரும் கையில் எடுக்கமாட்டார்.

நம்மவர்க்கு இந்நாட்டில் வேலை எப்படிக் கிடைத்து வந்தது என்பதை முதலில் கவனிப்போம். அந்நாளில் சந்தையும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. ஒரு கடிதம் இருந்தது. கடையில் ஆள் குறைந்தால் முதலாளி ஊருக்கு எழுதுவார். மச்சான் மகனோ தெருக்காரர் மகனோ நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறுவான். பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்து சேருவான். கடையின் மேல்மாடியில் படுக்கை, கடையிலேயே சாப்பாடு. சம்பளம் முதலாளியிடமே இருக்கும். சில வருஷம் கழித்து ஊருக்குப் பயணம் புறப்படும்போது கணக்குப் பார்த்துக் கையில் கொடுப்பார். இத்தனை மணிக்கு வேலை ஆரம்பம், இத்தனை மணிக்கு முடிவு என்ற பேச்சே கிடையாது. சபுராளி கேட்கமாட்டான், கேட்டால் ஊரில் அவன் அத்தாவுக்குக் கடிதம் போய்விடும்.

1953-இல் குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு இந்த வழி குறுகிற்று. 1969-இல் பினாங்கு, சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற உரிமையை இழந்தது. துறைமுகத்தையும் அதை ஒட்டிய வியாபாரத்தையும் நம்பியிருந்த நம்மவர் அநேகர் பிழைப்பு இழந்தனர். பிறகு 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் ஏற்பட்டு, எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. அங்கே வேலைக்குச் சேர்ந்தால் கையில் ஒரு நியமனக் கடிதம், மாதாமாதம் சம்பளச் சீட்டு, சேமநிதி, விடுமுறை. நம் பிள்ளைகள் அங்கே போனார்கள். நம் கடைகளோ பெர்மிட் எடுத்து மறுபடியும் ஊர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

இதை ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறோம் என்றால், இந்நாட்டில் பிறந்து இந்நாட்டில் படித்த ஒரு வாலிபனை ‘எங்களிடம் வேலைக்கு வா’ என்று அழைக்கும் பழக்கமே நம் கடைக்காரர்களுக்கு ஏற்படவில்லை. ஆள் எப்போதும் தானாக வந்து சேர்ந்தான். ‘இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடம்பு வளையாது’ என்று நாம் டீக்கடையில் பேசிக்கொள்கிறோம் அல்லவா, அதில் பாதி உண்மை இருக்கலாம். மற்றப் பாதியை நாம் 2025-ஆம் ஆண்டில் நமது சொந்த மேசையிலேயே கண்டோம்.

அவ்வாண்டில் பட்டணத்து மண்டபம் ஒன்றில் நடந்த வேலை வாய்ப்புச் சந்தையில் நமக்கும் ஒரு மேசை கொடுத்தார்கள். கடைப் பெயர் எழுதிய துணிப்பலகையைக் கட்டி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, காலை ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்தோம். கொண்டு போனது அவ்வளவுதான். பக்கத்து மேசையில் ஒரு தொழிற்சாலைக்காரர்கள் இருந்தார்கள். சம்பளம், வேலை நேரம், விடுமுறை, பஸ் வசதி எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்து அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கே வரிசை நின்றது. நம் மேசைக்கு வந்தவர்கள் கழிப்பறைக்கு வழி கேட்டார்கள்.

பதினொன்றரை மணிக்கு ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். பத்தொன்பது வயதிருக்கும். மரியாதையான பையன். “மாமா, வேலை எத்தனை மணி நேரம்?” என்றான். “கடை தெரியும்தானே தம்பி, காலையில் திறந்து ராத்திரி சாத்துவோம்” என்றோம். “விடுமுறை?” என்றான். “ஏதாவது காரியம் இருந்தால் சொல்லிவிட்டுப் போகலாம்” என்றோம். “இ.பி.எஃப். கட்டுவீர்களா மாமா?” என்று கேட்டான். “நம் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்வோம்” என்றோம். அவன் சிரித்தான், கேலியாக அல்ல. சலாம் சொல்லிவிட்டு எழுந்து அடுத்த மேசை வரிசையில் போய் நின்றுகொண்டான்.

அன்று ராத்திரி நமக்குத் தூக்கம் வரவில்லை. பையன் கேட்ட மூன்றும் எளிய கேள்விகள். நாம் கொடுத்த மூன்றில் ஒன்றாவது பதிலா? எந்த வாடிக்கைக்காரராவது நம்மிடம் பருப்பு என்ன விலை என்று கேட்டால், ‘கொண்டு போங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லுவோமா? மதரஸாவில் நமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாது, திருக்குர்ஆனிலே எல்லாவற்றிலும் நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்று சொல்லித் தந்தார். அல்பகரா அத்தியாயத்தில் 282-ஆவது வசனம். அரை வெள்ளிக் கடனையும் நோட்டில் எழுதுகிற நாம், ஒரு மனிதனின் மாதச் சம்பளத்தை வாய்ப் பேச்சில் விட்டுவிடுகிறோம்.

ஆகையால் முதலாளிமார்க்கு முதல் பாடம் ஒரு தாள். அந்தத் தாளில் எழுத வேண்டியவை நமது விருப்பத்தைப் பொறுத்தவை மட்டுமல்ல. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48-இலிருந்து 45 மணியாகக் குறைந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷத்துக்கு உட்பட்டவருக்கு ஆண்டு விடுமுறை 8 நாள், மருத்துவ விடுப்பு 14 நாள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாயிற்று. ஐந்து பேருக்குக் குறைவான ஆள் வைத்திருக்கும் நம் போன்ற சிறு கடைகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் அதுவேதான். சாப்பாட்டையும் படுக்கையையும் விலை போட்டு அந்த 1,700-க்குள் சேர்த்துக்கொள்ள வழி கிடையாது. நம்மில் சிலர் இன்னும் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்.

இனி, நாம் உட்கார்ந்து போட்ட கணக்கைச் சொல்கிறோம். பென்சில் எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள்.

சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு முதலாளி பங்கு 13 சதவீதம், அதாவது 221 வெள்ளி. ஊழியர் பங்கு 11 சதவீதம், 187 வெள்ளி. சொக்சோ என்று நாம் சொல்லும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும், 2018-இல் தொடங்கிய வேலைக் காப்புறுதிக்கும் சேர்த்து முதலாளிக்கு ஏறக்குறைய 32 வெள்ளி, ஊழியருக்கு ஏறக்குறைய 12 வெள்ளி. ஆகவே முதலாளிக்குச் செலவு 1,953 வெள்ளி. ஊழியர் கைக்குப் போவது 1,500 சொச்சம். ‘இவ்வளவு பிடித்தம் எதற்கு, முழுப் பணத்தையும் கையிலேயே கொடுத்துவிடுங்கள்’ என்று சில பையன்களே கேட்பதுண்டு. முதலாளிக்கும் அது சௌகரியமாகத் தோன்றும். ஆனால் 221-உம் 187-உம் சேர்ந்தால் 408 வெள்ளி. வருஷத்துக்கு 4,896. பத்து வருஷம் ஒரே சம்பளத்தில் நின்றாலும் 48,960 வெள்ளி அவன் பெயரில் நிற்கும், அதற்கு வரும் லாப ஈவு தனி. நமது அத்தா ஒரு கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றார். அந்தச் சேமநிதி 1951-இலேயே ஏற்பட்டது. அவர் பெயரில் அதில் ஒரு காசு கிடையாது. கடைசி நாளில் முதலாளி ஒரு கைலியும் ஒரு கடிகாரமும் கொடுத்தார். கடிகாரம் இன்னும் நம் வீட்டில் ஓடுகிறது.

அடுத்தது வேலை நேரம். நம் வட்டாரத்துக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் பன்னிரண்டு மணி நேரம் நிற்பது சகஜம். இடையில் ஒரு மணி ஓய்வு என்று வைத்தாலும் பதினொரு மணி. ஆறு நாளைக்கு 66 மணி. சட்டம் சொல்லும் 45 போக மிச்சம் 21 மணி மேலதிக வேலை. நான்கு வாரத்துக்கு 84 மணி. 1,700-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு. எட்டு மணி நாளாகக் கொண்டால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. மேலதிக நேரத்துக்கு ஒன்றரைப் பங்கு, 12 வெள்ளி 26 காசு. 84 மணிக்கு ஏறக்குறைய 1,030 வெள்ளி! ‘1,700 கொடுக்கிறேன், அதற்கும் ஆள் வரமாட்டேன் என்கிறான்’ என்று சொல்லுகிறவர், உண்மையில் 2,730 வெள்ளி வேலையை 1,700-க்குக் கேட்கிறார். இந்தக் கணக்கைப் போட்ட அன்று நாம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்தோம்.

கடை தாங்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் கடை தாங்கவில்லை. அதனால் ராத்திரி பத்து மணிக்குச் சாத்துவதை எட்டரைக்கு மாற்றினோம். மத்தியானத்தில் ஆள் வராத இரண்டு மணி நேரத்தில் நாமும் வீட்டுக்காரியும் மட்டும் இருந்து பார்த்துக்கொள்கிறோம். வியாபாரம் கொஞ்சம் குறைந்தது, மறைக்கவில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் அடுப்பு எரிகிற நாசி கண்டார் கடைக்காரருக்கு நம் வழி பொருந்தாது; அவர் ஆளை முறை போட்டுத்தான் வைக்க வேண்டும். எப்படியானாலும் கணக்கைத் தாளில் போடுமுன் ஆள் பஞ்சத்தைப் பற்றி அழுவதில் அர்த்தமில்லை.

சொக்சோவைப் பற்றி ஒரு விஷயம். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 2014-இல் நம் கடையில் பட்டர்வொர்த் பக்கத்து மனிதர் ஒருவர் வேலை பார்த்தார். மேல் பரணிலிருந்து எண்ணெய் டின்னை இறக்கும்போது ஏணி சரிந்து விழுந்து, இடுப்பில் அடிபட்டு மூன்று மாதம் படுத்துவிட்டார். ஆளை வேலைக்கு எடுத்த முப்பது நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. நாம் இரண்டு வருஷமாகச் செய்யவில்லை. ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்றே போய்விட்டது. பதிவு இருந்திருந்தால், வேலை செய்ய முடியாத நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 80 சதவீதம் வந்திருக்கும். ஊனம் நிலைத்தால் அதற்கும் வழி இருந்திருக்கும். நாம் ஆஸ்பத்திரிச் செலவும் அரைச் சம்பளமும் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டு நமக்கே நன்றி சொன்னார். இன்றும் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். நம் பங்குக்கு மாதம் சில வெள்ளிதான் ஆகியிருக்கும்.

நிற்க. வேலை தேடி வருகிற பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு.

முதலாவது, அத்தாவையோ மாமாவையோ முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நிற்காதீர்கள். சந்தையில் நாம் கண்டது இது: முதலாளி பையனைப் பார்த்துப் பேர் கேட்கிறார், பதில் தகப்பனாரிடமிருந்து வருகிறது. என்ன படித்தாய் என்கிறார், அதற்கும் தகப்பனார். வேலைக்கு எடுப்பது யாரை என்று முதலாளிக்கே சந்தேகம் வந்துவிடும். பெற்றோர் வரட்டும், சாப்பாட்டு மேசைப் பக்கம் இருக்கட்டும்.

இரண்டாவதுதான் முக்கியம். ‘முன் அனுபவம் உண்டா?’ என்றால் நம் பிள்ளைகள் ‘இல்லை’ என்று தலையாட்டுகிறார்கள். துருவிக் கேட்டால், ‘பள்ளி விடுமுறையில் மாமா கடையில் சும்மா நின்றேன்’ என்கிறார்கள். அந்தச் சும்மாவுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது! கல்லாவில் சில்லறை தவறாமல் கொடுத்திருக்கிறான். சரக்கு வந்தால் ரசீதோடு ஒத்துப் பார்த்திருக்கிறான். காலாவதி ஆனதைப் பொறுக்கித் தள்ளியிருக்கிறான். மலாய்க்கார அம்மாவிடம் மலாயும், சீனக் கிழவரிடம் அரைகுறை ஹொக்கியனும், வெள்ளைக்காரப் பயணியிடம் ஆங்கிலமும் பேசியிருக்கிறான். கோபத்தோடு வந்தவரைச் சிரிக்க வைத்து அனுப்பியிருக்கிறான். ஹோட்டல்காரரும் பேரங்காடிக்காரரும் இதற்குத்தான் ஆள் தேடுகிறார்கள். ஆகவே ஒரே தாளில், பெயர், படிப்பு, தெரிந்த பாஷைகள், எந்தக் கடையில் எந்த வருஷம் என்ன செய்தீர்கள் என்பதை எழுதி, பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள். எஸ்.பி.எம். சான்றிதழ் நகலும் கூட இருக்கட்டும். பாடங்களில் மதிப்பெண் குறைவென்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வராதீர்கள். குறைவானாலும் காட்டியவனைத்தான் நம்புவார்கள்.

பத்து வருஷமாக ரொட்டி வீசுகிறவர், கார் பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்கிறவர் போன்றோர்க்குச் சான்றிதழ் இல்லையே என்ற ஏக்கம் உண்டு. அவர்கள் வகுப்புக்குப் போய் உட்காராமலே, செய்த வேலைக்கு ஆதாரங்களைத் திரட்டிக் காட்டி, மதிப்பீட்டுக்கு உட்பட்டு, மலேசியத் திறன் சான்றிதழ் பெற ஒரு வழி இருக்கிறது. மலாயில் அதன் பெயர் பெங்கிக்திராஃபான் பென்சாப்பாயான் தெர்டாஹுலு, சுருக்கமாக பி.பி.தி. திறன் மேம்பாட்டுத் துறையில் விசாரிக்க வேண்டும். படங்கள், முதலாளி கடிதம், பழைய சம்பளச் சீட்டு இவையெல்லாம் ஆதாரம். சம்பளச் சீட்டே கொடுக்காத முதலாளியிடம் பத்து வருஷம் நின்றவர் என்ன செய்வார் என்று நம்மைக் கேட்காதீர்கள். முதலாளிகளைக் கேளுங்கள்.

கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். எத்தனை மணி, எந்த நாள் ஓய்வு, எந்தத் தேதியில் சம்பளம், சேமநிதி உண்டா, ஜும்ஆவுக்கு எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று கேளுங்கள். பதில் தாளில் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இருக்கிற வேலை போய்விட்டால் வேலைக் காப்புறுதியில் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தகுதி உள்ளவர்க்கு முதல் மாதம் 80 சதவீதம், இரண்டாம் மாதம் 50, பிறகு குறைந்துகொண்டே போய் ஆறு மாதம் வரை உதவி கிடைக்கும். தானாக ராஜினாமாச் செய்தவர்க்குக் கிடையாது. கோபத்தில் கடிதம் எழுதிக் கொடுக்குமுன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் விஷயத்தில் நம் சந்தைகள் மிகவும் பின்தங்கி இருக்கின்றன. சென்ற தடவை வந்த சகோதரிகள் பலர் சுவரோரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவரிடம் வீட்டுக்காரி பேசிப் பார்த்தாள். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள் பள்ளியில். காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை எந்த வேலையானாலும் செய்வேன், அதற்கு மேல் முடியாது என்றாராம். பகுதி நேர ஊழியர்க்கென்று 2010-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. முழு நேரத்தில் முப்பது முதல் எழுபது சதவீதம் வரை வேலை செய்கிறவர்க்கும் விடுமுறையும் சேமநிதியும் உண்டு. மசாலா பொட்டலம் கட்டவும், கணக்கு எழுதவும், கைபேசியில் வரும் ஆர்டரைக் குறிக்கவும் காலை ஐந்து மணி நேரம் தாராளமாகப் போதும். இப்படிப்பட்ட வேலை உள்ள கடைகளுக்குத் தனியாக இரண்டு மேசை போட்டு, அங்கே பெண் ஊழியர் ஒருவரை உட்கார வைத்தால் சுவரோரம் நிற்கிறவர்கள் உள்ளே வருவார்கள்.

சங்கத்தார்க்கு ஓர் எச்சரிக்கை. மேசை கேட்கிறவர் எல்லாருக்கும் மேசை கொடுக்கக் கூடாது. கம்பெனிப் பதிவைப் பார்க்க வேண்டும். வேலை தேடுகிறவரிடம் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று காசு கேட்கிறவருக்கு வாசலோடு சலாம். வெளிநாட்டில் பெருஞ்சம்பளம் என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போன மலேசிய வாலிபர்கள் மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டுக் கிடந்த செய்தி 2022-இலிருந்து வந்துகொண்டே இருந்தது. நம் மண்டபத்தின் பெயரை அப்படிப்பட்டவர் ஒருவர் உபயோகித்துவிட்டால் பிறகு நாம் எந்த முகத்தோடு பெற்றோரைப் பார்ப்பது? சந்தையன்று பெர்கேசோ ஊழியர்களை அழைத்தால், அவர்கள் நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் இரு தரப்பாரையும் இலவசமாகப் பதிவு செய்து கொடுக்கச் சொல்லலாம்.

சந்தை முடிந்த மறுநாள்தான் வேலை தொடங்குகிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையைப் படத்தோடு போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். யார் எங்கே சேர்ந்தார், மூன்று மாதம் கழித்தும் இருக்கிறாரா, விட்டிருந்தால் ஏன் விட்டார் என்று எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். அதை யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நாம் ஏற்கத் தயார். கையெழுத்து மட்டும் கொஞ்சம் மோசம்.

நமது சொந்தக் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தத் தாளை எழுதிக்கொண்டு நாம் சந்தைக்குக் காத்திருக்கவில்லை. கடை வாசலில் ஒட்டினோம். வேலை நேரம், ஓய்வு நாள், சம்பளத் தேதி, சேமநிதி எல்லாம் தமிழிலும் மலாயிலும். இரண்டு வாரத்தில் ஐந்து பேர் வந்து கேட்டார்கள். ஒரு பையனை எடுத்தோம். இன்னும் இருக்கிறான். சென்ற மாதம் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, “மாமா, பதினேழாம் தேதி நான் ஒரு மணி நேரம் கூட நின்றேன், இதில் இல்லை” என்றான். நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். விட்டுத்தான் போயிருந்தது. கல்லாவைத் திறந்து 12 வெள்ளி 26 காசு எண்ணினோம். ஒரு காசு நாணயம் இப்போது ஏது? 12 வெள்ளி 30 காசாகக் கொடுத்தோம்.